முத்திரை போட்ட மணல்

அந்தக் கார் கம்பெனியின் படப் புத்தகத்தில் ஒரே அம்மாள்தான் எல்லா வண்டிக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முதல் பக்கத்தில் டாக்டர்மார்களுக்கான சின்னக் கார்; அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த பக்கத்தில் பணக்காரர்களுக்கான நீளக் கார். அதே அம்மாள், தொப்பி மட்டும் வேறு. மூன்றாவதில் ஆளும் சாமானும் ஏற்றுகிற வேன். அங்கேயும் அவள்தான், கையில் ஒரு கூடையோடு. லாரியையும் விடவில்லை, டிராக்டரையும் விடவில்லை. ஒரு பொம்பளை எதற்காக ஐந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும்? அப்போதே எனக்கு அந்தக் கம்பெனி மேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. கடைக்காரன் எடை குறைத்தால் கோபப்படுவேன். சரியாக நிறுத்தால் இன்றைக்கு ஏன் சரியாக நிறுக்கிறான் என்று யோசிப்பேன். இப்படிப்பட்ட நான், என் பங்குக்கு வந்த ஒரே வயலை விற்று அந்தக் கம்பெனியின் வேனை வாங்கினேன். கண்மாய் மடையை ஒட்டிய வயல் அது. வீட்டில் கீழவயல் என்போம். மழை ஏமாற்றிய வருஷத்திலும் மற்ற வயல்கள் காய்ந்து வெடித்த பிறகுதான் அதற்குத் தாகம் எடுக்கும். அது போன கதையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, நாங்கள் திருச்சி ஜில்லாக்காரர்களாக மாறி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி திருச்சியில் ஒரு ஷோரூம் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சின்னக் காரை நிறுத்தி, ராத்திரி பகலாக மேலே விளக்கு எரியவிட்டிருந்தார்கள். பல நாடுகளில் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனி என்று அங்கே பெருமையாகச் சொன்னார்கள். எஞ்சின் ஒரு நாட்டில் தயாராகும், கியர்ப்பெட்டி இன்னொரு நாட்டில், இரண்டையும் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டுவார்களாம். அதே வேனுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயராம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சந்தேகத்தில் அவள் என்னைவிட ஒரு படி மேல்.

"ஊருக்கு ஒரு பேரு வச்சிருக்கிறவன எப்படிங்க நம்புறது?" என்றாள். "நாளைக்கு வண்டி நின்னு போச்சுன்னா எந்த ஊருக்காரனப் போயிக் கேப்பீங்க?"

அந்தக் கேள்விக்கு ஷோரூமில் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி தன் புதிய வேனை நம் பக்கத்து வெயிலிலும் புழுதியிலும் ஓட்டிப் பார்க்க ஆட்களை அனுப்பியது. வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்கார எஞ்சினியர். ஊரில் எல்லாரும் அவரைத் துரை என்றார்கள். துரைமார் காலம் முடிந்துவிட்டதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னொருவர் மதராஸ் சூப்பர்வைசர். துரை பேசுவதைத் தமிழிலும் நாங்கள் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்வார். இரண்டு பக்கமும் முழுதாகச் சொல்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். உள்ளூர் ரோடு தெரிந்த டிரைவர் வேண்டும் என்று பஸ் முதலாளியிடம் கேட்டு என்னைச் சில மாதத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். வேனை நிறுத்த என் மச்சானின் கடலைக் கிடங்கைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நிலக்கடலை வியாபாரம். சாக்கு மூட்டைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த ஆள்.

வேனில் ஆள் ஏற்றவில்லை. ஆட்களின் பாரத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகள் ஏற்ற வேண்டும் என்றார் துரை. சரி, வெள்ளாற்றில் இல்லாத மணலா? அங்கே போகலாம் என்றேன். சூப்பர்வைசர் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். மணமேல்குடிக்கு வண்டியை விடச் சொன்னார்கள். கடற்கரை மணலைச் சாக்குகளில் அள்ளி, வழியில் ஓர் அரிசி ஆலையில் ஒவ்வொன்றாக நிறுத்து, வாயைத் தைத்து, தையலின் மேல் கம்பி கோத்து ஈய முத்திரை போட்டார்கள். ஏற்றியதை எக்காரணம் கொண்டும் இறக்கக் கூடாது என்று உத்தரவு.

கடல் காற்றுக்கு வேன் துருப்பிடிக்கிறதா என்று பார்க்க மணமேல்குடிக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது. போன இடத்திலேயே மணலையும் அள்ளிக்கொண்டார்கள். மூட்டையின் எடை மாறிவிடக் கூடாது என்று முத்திரை போட்டார்கள். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதை அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

மணலுக்கு முத்திரையா? ஊரெல்லாம் இதே பேச்சு. மணமேல்குடியில் மணலை ஏற்றி, ஆவுடையார்கோவில் வழியாக வந்து, புதுக்கோட்டையைத் தாண்டி, கொடும்பாளூர் வரைக்கும் கொண்டுபோய், ஒரு பிடிகூட இறக்காமல் திருப்பிக்கொண்டு வருகிறான் என்றால் எவன் சும்மா இருப்பான்? மலையாளக் கரை மணலில் ஏதோ விலையுள்ள சரக்கு இருப்பதாக யாரோ பேப்பரில் படித்திருந்தார். போதாதா? டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

"அங்கிட்டும் இங்கிட்டும் மணலச் சொமக்குறானே, சும்மாவா சொமப்பான்?" என்று மச்சான் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டார். "உள்ளதச் சொல்லுங்க மாப்ளே. அதுல என்ன இருக்கு?"

"மணலுதான் மச்சான்."

"மணலுன்னு ஒங்ககிட்டச் சொல்லியிருக்கான்."

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் என் சந்தேகம் வேறு பக்கமாக ஓடிற்று. வண்டி எங்காவது கவிழ்ந்தால் பழியை டிரைவர் தலையில் போட்டுவிட்டு இரண்டு பேரும் கப்பல் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதனால் தினமும் பிரேக்கை நானே பார்ப்பேன், சக்கரத்தின் நட்டுகளை நானே முடுக்குவேன், ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்ப்பேன். முன்பக்கத்தில் பார்க்காத இடம் கிடையாது. பின்னால் மூட்டைகள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. முத்திரை போட்டது நமக்கெதற்கு, கைபட்டால் திருடன் என்பான் என்று ஒதுங்கியே இருந்தேன்.

ஆரம்பத்தில் வேன் திணறியது. கொடும்பாளூருக்கு முன்னால் ஒரு பாறை மேடு உண்டு. மாட்டுவண்டிக்காரர்கள் இறங்கி நடக்கிற மேடு. அதில் முதல் கியரில்கூட முக்கி முனகித்தான் ஏறும். ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பும். நான் துண்டைச் சுற்றி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுவேன். சூப்பர்வைசர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மர நிழலில் நிற்பார். துரை எங்களோடு முதல் வாரம் மட்டுமே வந்தார். அதற்குள் நம்மூர்த் தண்ணீர் அவர் வயிற்றைக் கலக்கி டிராவலர்ஸ் பங்களாவில் படுக்கவைத்துவிட்டது. ஒருநாள் மட்டும் வெளிறிய முகத்தோடு எழுந்து வந்து, எஞ்சினில் ஏதோ ஒரு திருகைத் திருப்புளியால் அரைச் சுற்றுத் திருகிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேன் கொஞ்சம் கொஞ்சமாக மாறிற்று. மேட்டில் முனகல் குறைந்தது. ரேடியேட்டர் கொதிப்பது நின்றது. ஒருநாள் இரண்டாம் கியரிலேயே மேட்டில் ஏறிவிட்டது. பின்பக்கம் சற்றுத் தூக்கினாற்போல நின்றதையும் கவனித்தேன். அடடா, பாரம் சுமந்தும் தளராத ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறானே என்று மெச்சிக்கொண்டேன். புது எஞ்சின் ஓட ஓட இளகும், டிரைவரின் கைக்குப் பழகும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வது. பழகியது என் கைக்கு. வேறு எவன் ஓட்டியிருந்தாலும் இப்படி ஏறியிருக்காது என்று நான் நிச்சயமாக நம்பினேன். உலகத்தையே சந்தேகப்படுகிறவனுக்குத் தன் கைமேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

துரைக்குச் செய்தி போனதும் பங்களாவிலிருந்து ஓடிவந்தார். உடம்பு பாதியாகியிருந்தாலும் முகமெல்லாம் சிரிப்பு. அவர் தன் திருப்புளியைப் பாராட்டிக்கொண்டார். நான் என் கையைப் பாராட்டிக்கொண்டேன். துரை மூட்டைகளின் முத்திரைகளை ஒன்றுவிடாமல் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பிரியவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேன் முன்னால் நிற்கவைத்துப் படம்கூட எடுத்தார்கள். அந்தப் படப் புத்தக அம்மாள் மாதிரி நானும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

புறப்படுகிற அவசரத்தில் மூட்டைகளை என்ன செய்வது என்று கேட்டபோது, கொட்டிவிடுங்கள் என்று சூப்பர்வைசர் கையை உதறிவிட்டார். "நான் பாத்துக்கிறேங்க" என்று மச்சான் முன்னால் வந்தார். அவ்வளவு பவ்யமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதையும் சந்தேகப்படவில்லை.

அடுத்த வருஷம் அந்த ரக வேன்கள் விற்பனைக்கு வந்தன. நான் வாங்குவதென்று முடிவுகட்டினேன். மணமேல்குடியிலிருந்து கருவாட்டு மூட்டைகளையும் வியாபாரிகளையும் ஏற்றிக்கொண்டு கொடும்பாளூர் பக்கத்துச் சந்தைகளுக்கு விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அதற்குக் கீழவயலை விற்க வேண்டும்.

மனைவி சண்டை போட்டாள், அழுதாள், சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு முகம் திருப்பிக்கொண்டாள்.

"யாரையும் நம்பாத மனுசன், அந்தக் கம்பெனிக்காரன மட்டும் எப்படி நம்புறீங்க?"

"கம்பெனிக்காரன எவன் நம்புனான்? என் கையால ஓட்டிப் பாத்தேன். முழுப் பாரத்தோட அந்த மேட்டுல ஏத்தியிருக்கேன். என் கையையும் நம்பக் கூடாதா?"

பிறகு மச்சான் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. துண்டை எடுப்பதும் போடுவதுமாக நின்றார்.

"மாப்ளே, வயல வித்துறாதீங்க. அந்த வேனு வேணாம்."

"ஏன் மச்சான்?"

"வேணாம்னா வேணாம். ஏன்னு கேக்காதீங்க."

"காரணஞ் சொல்லுங்களேன்."

அவர் எங்கேயோ பார்த்தார். "பணந்தான் முடையின்னா வயல எம்பேருக்கே குடுங்க. நான் வச்சிருக்கேன். என்னைக்கு வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கங்க" என்றார்.

எனக்குப் பட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது, அப்படித்தான் நினைத்தேன். மடையை ஒட்டின வயல் மேல் மச்சானுக்குக் கண். அதற்காகத்தான் இத்தனை நாடகம். தங்கை வீட்டு வயலைத் தட்டிப்பறிக்கப் பார்க்கிறாரே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. அந்தக் கோபத்தில், மச்சானுக்குக் கிடைக்கவே கூடாது என்று, அடுத்த ஊர்க்காரர் ஒருவருக்குப் பேசி முடித்து, அந்த வாரத்திலேயே பத்திரம் பதிந்துவிட்டேன். மனைவி ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு வரவில்லை. திரும்பும்போது கண்மாய்க்கரை வழியாக வந்தால் வயலைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சுற்றிக்கொண்டு வந்தேன்.

வேன் வந்தது. மாலை போட்டோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். காலியாக ஓட்டும்போது வண்டி பறந்தது. முதல் சந்தைக்குக் கருவாடும் ஆட்களுமாக ஏற்றிக்கொண்டு கொடும்பாளூர் மேட்டுக்கு வந்தேன். பழைய தைரியத்தில் இரண்டாம் கியர் போட்டேன். வண்டி நின்றது. முதல் கியர் போட்டேன். முக்கிற்று, முனகிற்று, ரேடியேட்டர் சீறிற்று, பின்னால் ஏதோ படீரென்று உடைந்தது. வியாபாரிகள் இறங்கி, ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, என் பரம்பரையைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார்கள். கருவாட்டு வாடைக்குக் கூடிய காக்கைகளோடு நான் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆக்சில் மாற்றினேன், மறுபடி உடைந்தது. பட்டை மாற்றினேன், கியர்ப்பெட்டி போயிற்று. எனக்கு விற்ற வண்டி வேறு, அன்று ஓட்டிய வண்டி வேறு என்று சந்தேகப்பட்டேன். துரைக்காகத் தனியாக ஓர் எஞ்சின் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று திருச்சி ஷோரூமில் போய்க் கத்தினேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் கத்துவதற்கும் இடமில்லாமல் போயிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சர்க்கார் கெடுபிடி அதிகமாகி, எங்கள் கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஷோரூமின் கண்ணாடிக்குப் பின்னால் ஜவுளி தொங்கிற்று. ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. எந்த ஊர்க்காரனைப் போய்க் கேட்பீர்கள் என்று மனைவி அன்றைக்கே கேட்டாள். வேனை இரும்புக்கடைக்குத் தள்ளிவிட்டு, நான் மறுபடி அதே பஸ்ஸில் டிரைவராக ஏறினேன். மச்சானோடு பேச்சை நிறுத்தி வெகு காலமாகியிருந்தது.

அறுபதுகளில் மச்சான் கடலைக் கிடங்கை இடித்துக் கட்டினார். மூட்டைகளை ஒதுக்க ஆள் போதவில்லை என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பினார். அவள் விடாமல் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கிடங்கின் கடைசி மூலையில், கடலைச் சாக்குகளுக்கும் பின்னால், மரப் பத்தாயம் ஒன்று இருந்தது. தூக்கலாம் என்று பிடித்தேன், இம்மியும் அசையவில்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே விளிம்பு வரை கடற்கரை மணல்.

திரும்பிப் பார்த்தேன். மச்சான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதி புரிந்துவிட்டது. மீதியை அவரே சொன்னார்.

முத்திரையை அவர் தொடவே இல்லை. கடலை வியாபாரிகளில் சிலர் செய்கிற வேலையைத்தான் செய்திருக்கிறார். மூட்டையின் அடித்தையலைப் பிரித்து, மணலை உருவிவிட்டு, பஞ்சு மாதிரி லேசான கடலைத் தொலியைத் திணித்து, கோணி ஊசியால் பழைய ஓட்டையிலேயே தைத்துவிடுவது. மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் மணல். வேன் கிடங்கில் நின்ற ராத்திரிகளில், தினம் இரண்டு மூன்று மூட்டையாக. எங்கள் ஊரில் கடலை மூட்டை வாங்குகிற எவனும் குத்தூசியை நடுவில் செருகி, உள்ளே இருப்பதைக் கையில் கொட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டான். அந்த வேனைச் சுற்றி நின்ற எங்களில் ஒருவர் கையிலும் குத்தூசி இல்லை. நான் மலையேற்றியதாக மார்தட்டிக்கொண்டது கடலைத் தொலியை.

"இதுல என்னதான் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"திருச்சியில ஒரு காலேஜு வாத்தியார்ட்டக் காட்டுனேன். வெறும் மணலுன்னாரு."

"பெறகு ஏன் வச்சிருக்கீங்க?"

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "அந்த வாத்தியாரு சொன்னது நெசந்தானான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும்போலவும் இருந்தது. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? என் வயலு போச்சே!" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேனு வேணாம்னு வந்து சொன்னேனே. போலீசுக்குப் பயந்துக்கிட்டு மீதியச் சொல்லல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா மட்டும்? நம்பியிருப்பீங்களா மாப்ளே?"

நான் யோசித்துப் பார்த்தேன். வயலுக்காக மச்சான் கட்டிவிட்ட கதை என்றுதான் சொல்லியிருப்பேன். மூட்டையில் தொலி என்று அவரே தூக்கிக் காட்டியிருந்தாலும், நேற்று அடைத்துவைத்த தொலி என்றிருப்பேன். பத்தாயத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்ற என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகினாள். ஒரு முறத்தை எடுத்துப் பத்தாயத்திலிருந்து மணலை அள்ளினாள். கொல்லைப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வேலையாட்களுக்குச் சோறு பொங்கி இறக்கியிருந்தார்கள். அதில் இரும்புச் சட்டியை வைத்து, மணலைக் கொட்டிச் சூடேற்றி, இரண்டு கை கடலையைப் போட்டு வறுத்தாள். கரண்டி சட்டியில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். கடலை வெடித்து மணம் வந்தது. சல்லடையில் சலித்து, ஒரு வாழை இலையில் கொட்டி, எங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"தின்னுங்க ரெண்டு பேரும்" என்றாள். "கீழவயல்ல வெளைஞ்சது."